பழைய புரொஜெக்டர் ஆம்பில் கிட்டார்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். தொழில் மைக் செட். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் கிட்டார். பள்ளிக்கூடத்திலும் கோயில் முற்றத்திலும் திரை கட்டிப் படம் காட்டிய 16 எம்.எம். புரொஜெக்டர்கள் எங்கள் பக்கம் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. லென்ஸுக்கும் மோட்டாருக்கும் ஆள் தேடி வருகிறார்கள். வால்வு ஆம்பை (வெற்றிடக் குழாய்களால் ஓடும் ஒலிபெருக்கியை) மட்டும் செம்புக்காக உடைத்துக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. அப்படிப் போக இருந்த ஒரு பெல் அண்ட் ஹோவெல் ஃபில்மோசவுண்ட் புரொஜெக்டரை வாங்கி, அதன் ஆம்பைக் கிட்டாருக்கு மாற்றினேன். அந்த அனுபவத்தை இங்கே சொல்கிறேன், நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

முதலில் அதன் குரலைச் சொல்லிவிடுகிறேன். மெல்ல மீட்டினால் தெளிவாகப் பேசும். அழுத்தி அடித்தால் கரகரவென்று உடையும். வால்யூமைத் தொடாமல் விரலிலேயே இரண்டையும் எடுக்கலாம். காரணம் படத்தின் ஒலி வரும் வழியில் இருக்கிறது. ஃபிலிம் ஓரத்தில் ஓடும் ஒலித்தடத்தின் வழியே எக்ஸைட்டர் பல்பின் (ஒலித்தடத்துக்கென்றே உள்ள சின்ன பல்பின்) வெளிச்சம் போய், ஒளியை மின் சிக்னலாக்கும் ஃபோட்டோசெல்லில் விழும். அந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம்தான் ஒலி. ஃபோட்டோசெல் தரும் சிக்னல் மிகவும் சன்னம் என்பதால் முன்பகுதியில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) நிறைய வைத்திருப்பார்கள். கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காயில்) தருவதோ அதைவிடப் பல மடங்கு. அதனால் முதல் வால்விலேயே ஒலி திணற ஆரம்பித்துவிடுகிறது. என்னுடையதில் கடைசிக் கட்டத்தில் இரண்டு 6வி6 வால்வுகள். பெரிய சத்தம் வராது, ஆனால் பாடகர் குழுவுக்கு நடுவே அழகாக உட்காரும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நிதானமாகப் படியுங்கள். ஃபோட்டோசெல் வேலை செய்ய சுமார் 90 வோல்ட் டி.சி. வேண்டும். ஆம்ப் அதை உள்ளீட்டு முனையிலேயே கொடுத்துக்கொண்டிருக்கும். அங்கே கிட்டார் கேபிளைச் செருகினால் அந்த வோல்டேஜ் நேராகப் பிக்கப்புக்குப் போகும். ஆகவே அந்த லைனைக் கொடுக்கும் ரெசிஸ்டரை முதலில் கழற்றுங்கள். முதல் வால்வின் கிரிட்டிலிருந்து (சிக்னல் நுழையும் முனையிலிருந்து) தரைக்கு 1 மெகஓம் ரெசிஸ்டர், ஜாக்கிலிருந்து கிரிட்டுக்கு 68 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் போதும். எக்ஸைட்டர் பல்பு எரிவதற்காகவே ஒரு வால்வு காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆஸிலேட்டராக (தானே அதிர்வை உண்டாக்கும் சுற்றாக) ஓடிக்கொண்டிருக்கும். ஏசியில் எரித்தால் பல்பு மினுங்கி ஒலியில் ஹம் (உம்மென்ற இரைச்சல்) விழும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நமக்கு அது தேவையில்லை, எடுத்துவிட்டால் பவர் டிரான்ஸ்பார்மருக்கும் சூடு குறையும்.

இந்த மெஷின்கள் பெரும்பாலும் 110 வோல்ட்டில் ஓடுபவை. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர்களில் பல, ஒரே சுற்றுள்ள ஆட்டோ டிரான்ஸ்பார்மர்தான். அது வோல்டேஜைக் குறைக்கும், மெயினிலிருந்து பிரிக்காது. கிட்டார் கம்பி சேஸிஸோடு (ஆம்பின் உலோகச் சட்டத்தோடு) சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று வாசிக்கிற ஊர் நம்முடையது. தனித்தனிச் சுற்று உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரும் மூன்று பின் எர்த்தும் இல்லாமல் யாரும் கிட்டாரைச் செருகக் கூடாது.

அப்புறம் கண்டன்சர்கள். பழைய பேப்பர் கண்டன்சர் ஒன்றைக்கூட நம்பாதீர்கள். கப்ளிங் கண்டன்சர் (ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சிக்னலை மட்டும் கடத்துவது) கசிந்தால் முந்தைய கட்டத்தின் பிளேட் வோல்டேஜ் 6வி6 கிரிட்டுக்கு வந்து, வால்வின் உள்தகடு செக்கச்செவேலென்று எரியும். 6வி6 வால்வுகளைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 5-ஆவது பின்னில் மீட்டர் வையுங்கள். பாசிட்டிவ் காட்டினால் கண்டன்சர் கசிகிறது. மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர்களையும் புதிதாகப் போட்டு, முதல் முறை சீரீஸ் போர்டு பல்பு (ஆம்போடு தொடராக மாட்டிய பல்பு) வழியாகவே கரண்ட் கொடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும். டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, என் தாத்தா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். படம் தொடங்கும் முன் ரெக்கார்டு போடுவதற்கென்றே ஆம்பில் தனி சாக்கெட் இருக்கும். எனக்கு வந்த 16 எம்.எம். ஆம்பிலும் மைக், பிக்கப் (இங்கே ரெக்கார்டு பிளேயரின் பிக்கப்) என்று ஒன்று இருந்தது. கண்டன்சர் மாற்றியபின் அதில்தான் கிட்டார் போடுகிறேன், உள்ளே வேறெதையும் வெட்டவில்லை. கெயின் கொஞ்சம் குறைவு, ஆனால் என்றாவது படம் ஓட்ட வேண்டுமென்றால் மெஷின் முழுசாக இருக்கும். ஓடும் நிலையில் உள்ள புரொஜெக்டரை உடைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஏற்கெனவே பாதி போனதைத்தான் மாற்ற வேண்டும்.

மண்டபத்திலிருந்து:

நம் பக்கத்தில் முதல் எதிரி உப்புக்காற்று. நான் எடுத்த ஆம்பில் வால்வு சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் பச்சைப் பூப்பு. வால்வு நல்லதுதான், தொட்டால் மட்டும் படபடவென்று சத்தம். சாக்கெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, பிடிப்புகளை ஊசியால் நெருக்கியதும் அமைதியானது. ரப்பர் உறை வயர்கள் வளைத்தாலே உதிர்ந்தன, அத்தனையும் மாற்றினேன். டிரான்ஸ்பார்மரை வெயிலில் சில நாள் காய வைத்து, வயர்மேன் நண்பர் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துச் சரி என்று சொன்ன பிறகே கரண்ட் கொடுத்தேன். ஈரம் ஏறிய காயிலில் நேராகக் கொடுத்தால் அது போய்விடும், அதற்கு மாற்றுக் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு சந்தேகம். ஸ்பீக்கருக்கு என்ன செய்தீர்கள்? மைக் செட் கூம்பை மாட்டலாமா?

தங்கச்சிமடம்:

கீழக்கரைத் தம்பி சொல்வது முழுக்கச் சரி. ஓடுகிற மெஷினை நானும் தொட மாட்டேன்.

கூம்பு வேண்டாம். பல கூம்புகளில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மர் (நீண்ட வயரில் பல ஸ்பீக்கர்களை மாட்டுவதற்கானது) இருக்கும், அது இந்த ஆம்பின் வெளியீட்டுக்குப் பொருந்தாது. அதோடு பேஸ் ஒரு துளிகூட வராது. புரொஜெக்டருடன் வந்த ஸ்பீக்கர் பெட்டி கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் ஓம் அளவுக்கு 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பின்பக்கம் திறந்த மரப்பெட்டியில் வையுங்கள். எதுவானாலும் ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை வாசிக்கவே கூடாது. சுமை இல்லாமல் வோல்டேஜ் எகிறி அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே தீப்பொறி பறக்கும். ஜாக் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நான் ஸ்பீக்கர் வயரை நேரடியாக ஈயம் வைத்தே ஒட்டிவிட்டேன். உங்கள் டிரான்ஸ்பார்மரில் ஓம் எழுத்து அழிந்திருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், அளந்து கண்டுபிடிக்க வழி சொல்கிறேன்.