செமஸ்டர் முடிந்ததும் ஓம்னியில் வால்பாறை போன கதை

மட்டைவாசம்:

ஐந்து பேர் போனோம். ஐந்து பேருமே மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஆழியாரைத் தாண்டி ஆறாவது கொண்டை ஊசி வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதுதான்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் உடுமலைக்காரன். அவனுடைய மாமாவுக்குத் தேங்காய் வியாபாரம். அவருடைய மாருதி ஓம்னிதான் எங்கள் ரதம். 796 சிசி, மூன்று சிலிண்டர், என்னைவிட இரண்டு வயது மூத்தது. பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர், எங்களுக்காகத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். சீட் வந்தது, மட்டை வாசம் போகவில்லை. ஓம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதனால் ஓட்டுகிறவனுக்கு மார்கழியும் சித்திரையும் ஒன்றுதான். தெர்மோடைனமிக்ஸ் அரியர் எழுதி முடித்த மறுநாளே அந்தச் சீட்டில் உட்கார வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து காலை நாலரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஐந்தாவது ஆள் குளித்துவிட்டு ஹாஸ்டல் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பது. பொள்ளாச்சியில் டிபன், ஆழியார் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் சோதனை எல்லாம் முடிந்து மலையேறத் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து தடிமாடுகளையும் அவர்கள் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அந்தக் கிழம் ஆறு வளைவு ஏறியதே பெரிது என்று இப்போது தோன்றுகிறது.

முன் சீட்டைத் தூக்கினோம். ஆவி. உடுமலைக்காரன் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டான். கீழே இறங்கிக்கொண்டிருந்த லாரி ஒன்று சடாரென்று நின்றது. "ஏய், கைய எடு!" என்று ஒரு சத்தம். டிரைவர் இறங்கி வந்தார். "கொதிக்கும்போது தொறந்தா மூஞ்சி வெந்துரும். அரை மணி நேரம் சும்மா இரு." இருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அவரே துணி போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மாமா வண்டியில் போட்டு வைத்திருந்த கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். ஏறக்குறைய கேன் முழுவதும் உள்ளே போனது.

"என்ன படிக்கிறீங்க?"

"மெக்கானிக்கல்ண்ணே."

"சரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அவருடைய வேலையை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் எங்களோடு நின்றாரே, டீ வாங்கிக் கொடுக்கக்கூட அங்கே கடை இல்லை.

ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட்டில், வண்டியை ஆறவிட இன்னொரு முறை நிறுத்தினோம். கீழே ஆழியார் அணை யாரோ துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி கிடந்தது. தடுப்புச் சுவரின் மேல் ஒரு வரையாடு. நம் மாநில விலங்கு. பொது அறிவுக் கேள்வியாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த அது பத்தடி தூரத்தில் நின்று அசைபோட்டது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஹாஸ்டல் வார்டன் ஞாபகம் வந்தது.

அட்டகட்டி, கவர்க்கல் பனி, அய்யர்பாடி, ரொட்டிக்கடை எல்லாம் வேகமாகக் கடந்துபோயின. வால்பாறையில் சாப்பிடும்போதே மூன்று மணி. சோலையார் அணைப் பக்கம் போய்விட்டு ஊருக்குள் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. தங்கும் இடம் முடீஸ் போகும் வழியில் ஓர் எஸ்டேட் வீடு. நான் எழுத வந்ததே இதற்கப்புறம் நடந்ததைத்தான்.

மணி ஏழே கால் இருக்கும். இரண்டு பக்கமும் தேயிலை, மேலே பனி. ஓம்னியின் ஹெட்லைட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது வெளிச்சம் அல்ல, ஒரு நம்பிக்கை. தூரத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கியது. "செல்போன் டவர்டா" என்றான் ஒருத்தன். "டவர் இவ்ளோ குட்டையாவா இருக்கும்? ஸ்பீட் கேமரா" என்றான் இன்னொருத்தன். எங்கள் ஓம்னிக்கு ஸ்பீட் கேமரா என்றதும் எல்லோரும் சிரித்தோம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினோம். விளக்கைத் தாண்டியும் போய்விட்டோம்.

அடுத்த திருப்பத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில், ஒரு டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் ஆடியது. ஓர் அம்மா. தலையில் துண்டு, மேலே ஸ்வெட்டர். நடு ரோட்டில் நின்றார்.

"பாட்ட நிறுத்து. வண்டிய ஆஃப் பண்ணு. லைட்ட அணை." மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னங்கம்மா?"

"அங்க லைட் எரியிறதப் பாக்கலையா தம்பி? ஆனை நிக்குது."

ஓம்னியை அவர் வீட்டு ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். வாசலில் வரிசையாக உட்கார வைத்தார். எண்ணினார். அஞ்சு பேர்தானே என்று இரண்டு முறை கேட்டார். உள்ளே போய்க் கட்டங்காப்பி கொண்டுவந்தார், மூன்று டம்ளர்தான் இருந்தது, மாற்றி மாற்றிக் குடித்தோம்.

அவர்கள் லைனில் ஒருத்தருடைய போன் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், அவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அந்த விளக்கு எரியும் என்றார். ஆறு மணிக்கு ஓடைப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டிருக்கிறது. அப்போதே கொடுத்துவிட்டார்களாம். "உள்ளூர்க்காரவுக நின்னுக்குவாக. வெளியூரு வண்டிக்குத்தான் தெரியாது. அதுக்குத்தான் டார்ச்சு."

இந்த அம்மா வீட்டு அடுப்படிச் சுவரை ஒருமுறை யானை தள்ளியிருக்கிறது. அரிசிக்காக. அதிலிருந்து அரிசி மூட்டை முன் அறையில், கட்டிலுக்குத் தலைமாட்டில். "அப்ப முன்சுவரத் தள்ளுனா?" என்று எங்களில் ஒருத்தன் கேட்டுவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். "தள்ளுனா நான் முழிச்சுக்குவேன்ல" என்றார்.

எட்டே காலுக்கு வந்தன. முதலில் வாசம் வந்தது. மாட்டுத் தொழுவமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. அப்புறம்தான் உருவம். பனியில் ஓர் இருட்டு இன்னோர் இருட்டைவிடக் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். இருநூறு அடி தூரம் இருக்கும். நாங்கள் போக வேண்டிய அதே ரோட்டை அவை குறுக்கே கடந்தன. மூன்று பெரியது, கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. அவ்வளவு எடை நடக்கிறது, காலடிச் சத்தமே இல்லை. தேயிலைச் செடி உரசுகிற சத்தம் மட்டும்.

"தேயிலையத் தின்னாது. அதுக்கு இது வழி, அம்புட்டுதான்" என்று அந்த அம்மா காதோரம் சொன்னார். ஒருத்தன் போனை எடுத்தான். அவர் கையை நீட்டினார். வாத்தியார் கேட்டால்கூடக் கொடுக்காதவன், போனை அவர் கையில் கொடுத்துவிட்டான். அதனால் போட்டோ இல்லை, யாரும் கேட்காதீர்கள்.

ஒன்பதரை மணிக்குத்தான் விட்டார். பணம் கொடுக்கப் போனோம், திட்டு வாங்கினோம்.

மறுநாள் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, ஏழெட்டு வளைவுக்குள் பிரேக் கருகும் வாசம் வந்து, பெடல் மெத்தை மாதிரி அமுங்கியது தனிக் கதை. 'பிரேக் ஃபேட் என்றால் என்ன?' இரண்டு மதிப்பெண். எழுதி வாங்கியிருக்கிறேன்.

கண்டக்டர்_மகள்:

நியூட்ரலில் இறக்கினாயா? எங்கப்பா பல வருஷம் மலை ரூட் பஸ்ஸில் கண்டக்டர். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கே தெரியும், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சின்தான் பாதி பிரேக்.

நாங்கள் ஆறு பெண்கள் போன வருஷம் இதே ரூட்டில் பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பஸ்ஸில் போனோம். கார் கேட்டால் வீட்டில் நூறு கேள்வி வரும். பஸ் என்றால், "சரி, போய்ட்டு வந்துரு." இரண்டு பேர் வீட்டில் 'புராஜெக்ட்' என்று சொல்லியிருந்தது வேறு விஷயம். எல்லா வளைவிலும் ஒருத்திக்கு வாந்தி. இருபதாவது வளைவில் கண்டக்டர் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, "மோந்துக்கிட்டே வா கண்ணு" என்றார். எங்கப்பா பையிலும் எப்போதும் ஒன்று இருக்கும். யாருக்காக என்று அன்றுதான் தெரிந்தது.

சிங்கவால் குரங்கை 'நன்றாகத்தான் இருந்தது' என்று ஒரு வரியில் முடித்ததற்குக் கண்டனம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் அது இருக்கிறது. எங்களிடம் ஒன்று வந்து, முறுக்குப் பொட்டலத்தைப் பறிக்கக்கூட இல்லை, கடன் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது போல நிதானமாக எடுத்துக்கொண்டு போனது. அப்புறம் ஓர் அண்ணா வந்து, சாப்பாட்டுக்குப் பழகி ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது என்று சொல்லித் திட்டினார். பொட்டலத்தை வெளியே எடுத்தது எங்கள் தப்புதான்.

லைன்வீட்டுப்பிள்ளை:

அந்த விளக்கைப் பற்றி நான் சொல்லலாம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் வால்பாறை, அப்பா கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டினார்.

கம்பத்தில் எல்இடி விளக்கு, உள்ளே ஒரு சிம் கார்டு. பதிந்து வைத்த நம்பர்களிலிருந்து கால் வந்தால் எரியும், யானை நகர்ந்ததும் திரும்பக் கால் கொடுத்து அணைப்போம். அதோடு எங்கள் போனுக்கு எஸ்எம்எஸ்ஸும் வரும், இந்த இடத்தில் இத்தனை யானை என்று. எஸ்எம்எஸ் 2011 முதல் வருகிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் பாதுகாப்பு அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து செய்தது. அதற்கு முன்னால் இங்கே யானையால் செத்தவர்களில் நிறையப் பேர், அது அங்கே நிற்பதே தெரியாமல் நேராகப் போய் முட்டிக்கொண்டவர்கள். வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவர்கள், கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர்கள்.

இங்கே தோட்டம் போட ஆரம்பித்தது 1890களில். எங்கள் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். சுற்றிலும் காடு, நடுவில் தேயிலை. ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக யானைக்கு எங்கள் வாசல்தான் வழி.

செமஸ்டர் முடிந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். யானையைவிட எனக்குப் பயம் ஆறுதான். 2023 அக்டோபரில் சோலையார் பக்கம் நல்லகாத்து ஆற்றில் கோவையிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். உங்களைப் போலவே ஐந்து பேர். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், பாறைக்கு அடியில் ஆழமும் சுழலும் இருக்கும். உள்ளூர்க்காரன் இறங்காத இடத்தில் இறங்காதீர்கள்.

மட்டைவாசம், அந்த அம்மா எந்த லைன் என்று ஞாபகம் இருக்கிறதா?

மட்டைவாசம்:

லைன் பெயர் கேட்கத் தோன்றவில்லை. அவர் பெயரையும் கேட்கவில்லை. ரோட்டோரம், வாசலில் ஒரு நீல டிரம், பக்கத்தில் ஒரு பலா மரம். விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த திருப்பம்.

கேட்டதும் நல்லதாகப் போயிற்று. மாமாவிடம் வண்டியைக் கொடுக்கும்போது பின் சீட்டைக் கழற்றினார். அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் உருண்டு வந்தது. கடைசியாகக் குடித்தவன் கையோடு கொண்டுவந்துவிட்டான் போல. அந்த வீட்டில் இருந்ததே மூன்று. இப்போது என் ஹாஸ்டல் மேஜையில் இருக்கிறது, யாரையும் அதில் குடிக்க விடுவதில்லை.

தெர்மோ பாஸ். அடுத்த செமஸ்டர் முடிந்ததும் பஸ்ஸில் வருகிறோம், கூடவே ஆறு டம்ளரும் வரும். எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொள்கிறேன். ஓம்னி கிடைக்காது. பிரேக் ஷூவை மாற்றிய பில்லை மாமா எங்கள் ஐந்து பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.