வேலூரில் பழைய வீடு, மூலை இறங்கிய விரிசல்: இன்சூரன்ஸ் தருவார்களா?

வேலப்பாடி_வாசி

1940கள்ல கட்டின வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை, 14 அங்குலச் சுவர். மேல தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ். கார்ப்பெட் ஏரியா (சுவர் போக உள்ளே புழங்கற தரைப்பரப்பு) 1,400 சதுர அடி. பின்கட்டுல வடகிழக்கு மூலை கிணத்துப் பக்கமா இறங்கியிருக்கு. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி மேல ஏறுற விரிசல். கீழ மயிரிழை, மேல 4 மி.மீ. கிணத்தை 2009ல மூடியாச்சு. அதுக்கப்புறம் பூசின இடம் திரும்ப விடலை. ஒரு கம்பெனியோட ஆன்லைன் படிவம் வீட்டு வயசைப் போட்டதுமே நின்னுடுச்சு. ஒரு ஏஜென்ட், "விரிசலைப் பத்தி எழுதாதீங்க, பூசி வெள்ளையடிச்சுடுங்க"ங்கறார். எழுதணுமா, வேண்டாமா? எந்த பாலிசி கேக்கறது?

கோட்டை_அகழி

ஏஜென்ட் சொன்னதை மட்டும் செய்யாதீங்க சார். படிவத்துல மறைச்சா, நாளைக்கு நஷ்டம் வரும்போது அதை மதிப்பிட வர்ற சர்வேயர் பூச்சைக் கொத்திப் பார்ப்பார். உள்ளே பழைய விரிசல் தெரிஞ்சா, அதுக்குச் சம்பந்தமே இல்லாத க்ளெய்மும் சிக்கலாகும்.

நீங்க கேக்க வேண்டியது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1லிருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டு வந்த ஒரே மாதிரி வீட்டு பாலிசி, எந்தக் கம்பெனியில எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒண்ணுதான். தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளத்தோட வீடு நிக்கிற நிலம் உள்வாங்கறதும் அதுல உண்டு. தேக்குக் கட்டை இருக்குங்கறதுக்காக கச்சா வீடுன்னு தள்ள முடியாது. கச்சான்னா ஓலை, மூங்கில், பலகை, தார்ப்பாய் மாதிரி சுவரோ கூரையோ உள்ளதுதான்.

நிலம் உள்வாங்கற பிரிவுல விலக்குகளைப் படிங்க. புதுக் கட்டடத்தோட சாதாரண இறக்கம், குறையான வடிவமைப்பு அல்லது வேலைத்தரம், பக்கத்துல பள்ளம் தோண்டறது, கொட்டி நிரப்பின மண் அசையறது, இதெல்லாம் சேராது. கடைசியா சொன்னதைக் கவனியுங்க. மூடின கிணறுன்னா அது கொட்டி நிரப்பின மண்தானே?

ஏற்கெனவே இருக்கற 4 மி.மீ. விரிசலுக்கு யாரும் பணம் தரமாட்டாங்க. அது பழசு, நின்னுபோச்சுன்னு எழுத்துல வெச்சுக்கறதுதான் நம்ம வேலை. அப்பதான் புதுசா ஒண்ணு வந்தா "இது முன்னமே இருந்தது"ன்னு தள்ள முடியாது. ஆன்லைனை விடுங்க, கிளைக்கே நேர்ல போய் படிவத்தோட இன்ஜினியர் அறிக்கையும் போட்டோவும் குடுத்து ரசீது வாங்குங்க. முடியாதுன்னா அதையும் எழுத்துல கேளுங்க.

வேலப்பாடி_வாசி

கிணறு மூடினது இதுல வந்து சேரும்னு நினைக்கவே இல்லை. மூலையிலிருந்து மூணு மீட்டர் இருக்கும். கட்டட இடிபாடு போட்டு நிரப்பினது. அறிக்கையில என்னென்ன வரணும்?

தூக்குக்குண்டு

மூணு மீட்டர்னா அஸ்திவாரம் பெரும்பாலும் பழைய கெட்டி மண்ணுல இருக்கும், ஆனா யூகத்தை எழுதக்கூடாது. மூலைக்கு வெளியே ஒரு குழி தோண்டி அடிமட்டம் எந்த ஆழத்துல, எந்த மண்ணுல நிக்குதுன்னு பார்க்கச் சொல்லுங்க. குழி சின்னதா இருக்கணும், சுவரோரமா நீளமா வெட்டினா நாமே மூலையை இறக்கிடுவோம். அஸ்திவாரம் இயற்கை மண்ணுல இருக்குன்னு அளவோட அறிக்கையில வந்தா, நிரப்பின மண் விலக்கு நேரடியா உங்க மேல பாயாது.

உங்க விரிசல் மேல அகலமா இருக்கறது மூலை இறங்கி வெளியே சாய்ஞ்சதுக்கான அடையாளம். பழசான்னு பார்க்க ஒரு டார்ச் போதும். உள்ளே ஒட்டடை, பழைய சுண்ணாம்பு, மழுங்கின ஓரம் இருந்தா பழசு. செங்கல் சிவப்பு பளிச்சுன்னு, ஓரம் கூரா இருந்தா புதுசு.

நின்னுதான்னு காட்ட அளவு வேணும். பூச்சை செங்கல் தெரியறவரை எடுங்க, இல்லைன்னா பூச்சோட அசைவைத்தான் அளப்பீங்க. விரிசலுக்கு ஒரு பக்கம் ரெண்டு, மறுபக்கம் ஒண்ணுன்னு மூணு ஸ்டீல் திருகாணி, முக்கோணமா. இடைவெளியை வெர்னியர்ல (மி.மீ.க்கும் சின்ன அளவு காட்டற கருவி) அளந்து தேதியோட குறிச்சுக்கங்க. முக்கோணம்னா அகலமாறதோட சறுக்கறதும் தெரியும். கண்ணாடிப் பட்டையும் ஒட்டுவாங்க, அது உடைஞ்சா அசைஞ்சதுன்னு தெரியும், எவ்வளவுன்னு தெரியாது. மாசம் ஒரு தடவை, காலைல ஒரே நேரத்துல அளங்க. வேலூர் வெயில்ல மதியம் மாடி விரியறதே தனி அசைவாக் காட்டும். மே மாச அளவும், வடகிழக்கு மழை முடிஞ்ச டிசம்பர் அளவும் கட்டாயம். அளவு கூடிட்டுத் திரும்பக் குறைஞ்சா பருவ அசைவு. ஒரே பக்கமா ஏறிக்கிட்டே போனா இறக்கம் நிக்கலை, முதல்ல அடியைப் பாருங்க: கழிவுநீர்க் குழாய் ஒழுகல், பக்கத்து மரம், மாடித் தண்ணி விழற இடம்.

ஒரு வருஷம் காப்பீடு இல்லாம இருக்க வேண்டாம், பாலிசியை இப்பவே எடுத்து அளவைத் தொடருங்க. சிமென்ட் கலவை ஊத்தி அடைக்காதீங்க, சுண்ணாம்புச் சுவர்ல அது கல்லு மாதிரி நிக்கும், பக்கத்துச் செங்கல்தான் வெடிக்கும். சுண்ணாம்பு ஒண்ணுக்கு மணல் மூணு போதும். டெரஸ் கட்டை சுவருக்குள்ள நுழையற முனையை ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்க, கரையானும் ஈரமும் அங்கதான். விரிசலை விட அது ஆபத்து.

பாலாற்று_மணல்

காப்பீட்டுத் தொகையைச் சந்தை விலைக்குப் போடாதீர்கள், நிலத்தின் விலை அதில் வராது. கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். சதுர அடிக்கு ரூ.2,300 என்று வைத்தால் 1,400 சதுர அடிக்கு 32.2 லட்சம். தேக்குக் கூரையை மறுபடி போட அதிகம் ஆகும், இன்ஜினியரிடம் தனி மதிப்பீடு வாங்கிச் சேருங்கள். வீட்டுப் பொருள்களுக்கு இதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். 10 ஆண்டு வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம். இடையில் குளியலறை, அறை என்று கட்டி கார்ப்பெட் ஏரியா 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் சொல்லாமல் இருக்காதீர்கள்.

பாலிசியில் இருப்பது புயலும் வெள்ளமும்தான். வாரக்கணக்கில் ஊறி, தண்ணீரே தேங்காமல் சாய்ந்த சுவருக்குத் தகராறு வரும். 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதே மாத இறுதியில் இந்தப் பக்கம் நில அதிர்வும் உணரப்பட்டது. ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் எல்லாச் சுவரையும் படமெடுங்கள், ஒரு ஸ்கேல் வைத்து, தேதி தெரிய.

க்ளெய்மைத் தள்ளினால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி). 50 லட்சம் வரை, ஓராண்டுக்குள், கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.

வேலப்பாடி_வாசி

நாளைக்கே திருகாணி போடறேன். பின்கட்டு மூலையில மட்டும் போதுமா?

தூக்குக்குண்டு

முன்கட்டுல விரிசல் விட்டிருந்தா அங்கயும் ஒண்ணு போடுங்க. பின்கட்டு மட்டும் அசையுதா, வீடே அசையுதான்னு அதை வெச்சுதான் பிரிக்கணும். திருகாணி பக்கத்துல பென்சில்ல தேதி எழுதி, அந்த இடத்தை மட்டும் வெள்ளையடிக்காம விடுங்க.