கொட்டகை டிராக்டர்: ஓடிக் கெட்டதா, நின்று கெட்டதா?

தம்பிக்கும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

புது வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய தோட்ட டிராக்டர் கிடந்தது என்று தம்பி போட்டிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகப்பின் வடிவத்தையும் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் விதத்தையும் வைத்துச் சொன்னால், அது 1960களின் கப் கேடட் என்றுதான் தோன்றுகிறது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த வரிசை அது. ஜான் டீர் நிறுவனத்தின் 110 டிராக்டர் அடுத்து 1963இல் வந்தது. வீல் ஹார்ஸ்காரர்கள் 1940களிலேயே இந்தச் சின்ன டிராக்டர் வேலையில் இறங்கிவிட்டார்கள். பெயின்ட் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே ஆள்தான்: கோஹ்லர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிர்வது.

மாமா எழுதியதுபோல் அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் முழுவதையும் பிரித்து, துரு நீக்கி, பெயின்ட் அடித்து, கடைசியில் எஞ்சினைப் பார்ப்பது என்கிற தம்பியின் திட்டம் தலைகீழாக இருக்கிறது. ஓடாத வண்டியைப் போல்ட் போல்ட்டாகப் பிரித்தவர்கள் பலர் அதை அட்டைப்பெட்டிகளில்தான் விற்றிருக்கிறார்கள்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். இது ஓடிக் கெட்ட வண்டியா, நின்று கெட்ட வண்டியா? ஓடிக் கெட்டதென்றால் கோளாறு உள்ளே இருக்கும்: போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தளர்ந்திருக்கும், ஆயில் புகையும். நின்று கெட்டதற்கு அப்படி இல்லை. பாயிண்டில் (பொறிக்காக மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனை) அழுக்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்த பிசின், ஒட்டிக்கொண்ட வால்வு, எலிக்கூடு, அவ்வளவுதான். முதல் வகைக்கு லேத் பட்டறை வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமையும் ஒரு ஸ்பேனர் செட்டும் போதும். இது தெரியாமல் எதற்கும் ஆர்டர் போடாதீர்கள்.

புது பேட்டரி மாட்டி ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு உறையை முதலில் கழற்றுங்கள். எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலின் இறக்கைகள் தள்ளும் காற்று அந்த உறைக்குள் ஓடித்தான் சிலிண்டரைக் குளிர வைக்கிறது. எலிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. பஞ்சும் சருகும் கடித்த ஒயரும் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அதை எடுக்காமல் ஓட்டினால் நல்ல எஞ்சினும் கொதித்துப் போகும். காய்ந்த எலிப்புழுக்கைத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, அதனால் பெருக்கக் கூடாது, காற்றடிக்கவும் கூடாது. பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளுங்கள்.

அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு பிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிளக் ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் விடுங்கள். ஸ்டார்ட்டரை வைத்து வம்பு பண்ணாதீர்கள். சுற்றுகிறது என்றாலும் நான் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் பார்ப்பேன், ஏனென்றால் இந்த எஞ்சினில் அது சுலபம். வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. சுற்றியுள்ள போல்ட்களை எடுத்தால் ஹெட் ஒரு தட்டுப்போல வந்துவிடும். பிஸ்டன், போர், இரண்டு வால்வுகள் எல்லாம் கண்ணெதிரே.

அங்கே இரண்டு விஷயம் பாருங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, போரின் மேல்விளிம்பை விரல்நகத்தால் வருடுங்கள். நகம் தடுக்குகிற அளவுக்குப் படி விழுந்திருந்தால் நிறைய ஓடிய எஞ்சின். வழவழவென்று போனால் சந்தோஷப்படலாம். அடுத்து, மெதுவாகச் சுற்றும்போது இரண்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று மேலேயே நின்றுவிட்டால் அதன் தண்டு வழிகாட்டிக் குழாயில் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் விட்டு, சுத்தியலின் மரப்பிடியால் தலையில் இலேசாகத் தட்டி இறக்கி, மறுபடி சுற்றி ஏற்றி, மறுபடி தட்டி இறக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்க ஆரம்பிக்கும். செத்துப்போனதாக எழுதிவைத்த பல எஞ்சின்களுக்கு இந்த ஒரு வைத்தியம்தான் தேவைப்பட்டிருக்கும்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வாங்கலாமா என்று தம்பி கேட்டிருந்தார். இந்த வரிசையில் பல எஞ்சின்களில் ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. கேஜ் குறைவாகக் காட்டும், நாம் பயந்துபோய் ரிங் வாங்குவோம். மேலே சொன்ன நகச் சோதனையே போதும்.

ஹெட்டைத் திரும்ப மாட்டும்முன் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் அதே கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, எட்டு போடுவதுபோல் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகடு கட்டாயம் புதிது.

பொறி வரவில்லை என்றால் உடனே பொறிக்கான மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலைச் சந்தேகிக்காதீர்கள். பேட்டரி இக்னிஷன் உள்ள கே எஞ்சினில் பாயிண்ட் பிளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்காது. பிளாக்கின் பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். அதைத் தள்ளும் சிறு கம்பி வழியாகக் கசிந்த ஆயில், பாயிண்ட் முகத்தில் படிந்து காய்ந்து மின்சாரத்தைத் தடுத்துவிடும். சுத்தமான அட்டைத்துண்டை இடையில் விட்டு இழுங்கள், கறுப்பு ஒட்டாமல் வரும்வரை. புது பாயிண்டுக்கும் இதைச் செய்யுங்கள், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய படலம் அதிலும் இருக்கும். இடைவெளி 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பிளைவீலில் எஸ் என்று வெட்டியிருக்கும் குறி பார்வைத் துளைக்கு நேராக வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்குகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கலாம்.

கார்புரேட்டருக்கு வழக்கமான சுத்தம்தான். ஜெட் துளைகளில் கம்பி விட்டுக் குடையாதீர்கள். ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பர் தாங்காது.

ஆயில் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இதில் ஆயில் பம்ப் இல்லை, ஃபில்டரும் இல்லை. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்ன நாக்கு ஆயிலை அள்ளி வீசுவதுதான் மொத்த ஏற்பாடு. அலுமினிய ராட் வேறு. ஆயில் இறங்கிப்போனால் ராட் உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். பழைய ஆயிலை வடித்து, அடியில் படிந்த சேற்றையும் வழித்தெடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். ஓட ஆரம்பித்ததும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்து வேகம் கூட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். நிமிடத்துக்கு 3600 சுற்று (ஆர்பிஎம்) எல்லை.

கப் கேடட் என்பதால் இன்னொன்று. பெல்ட்டில் ஓடும் அந்த உருளை ஸ்டார்ட்டராகவும் ஜெனரேட்டராகவும் இரண்டு வேலை பார்க்கிறது. கழற்றி மாட்டிய பிறகு, எஞ்சின் ஓடாத நிலையில், பேட்டரி ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பேட் (BAT, பேட்டரி) முனையையும் ஜென் (GEN, ஜெனரேட்டர்) முனையையும் ஒரு ஒயரால் கண நேரம் தொட்டுவிட்டு எடுங்கள். அதன் காந்த முனைகள் சரியான திசைக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் வண்டி ஓடும், பேட்டரி மட்டும் ஏறவே ஏறாது.

பெயின்டுக்கு இப்போது அவசரம் இல்லை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இரண்டையும் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். சீரியல் எண் தகட்டின்மேல் மட்டும் எதையும் பூசிவிடாதீர்கள், உதிரி பாகம் தேட அதுதான் சாவி.

இந்த வாரம் உறையையும் ஹெட்டையும் மட்டும் கழற்றுங்கள் தம்பி. போரின் மேல்விளிம்பையும் வால்வு இரண்டையும் பக்கத்தில் வெளிச்சம் பிடித்துப் படம் எடுத்துப் போடுங்கள். சீரியல் எண் தகடும் தெரியட்டும். ரிங் வேண்டுமா, கேஸ்கெட் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.