புதுப்பிப்பு: டூக்கி ஒப்பீட்டு எழுத்துகளை அட்டவணையில் சேர்ப்பது (தீர்ந்தது)

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் டூக்கி சோதனை (குழுக்களின் சராசரிகளை இரண்டிரண்டாக ஒப்பிடுவது) முடித்தபின், சராசரிகளுக்குப் பக்கத்தில், எவற்றிடையே வேறுபாடு தெரியவில்லையோ அவற்றுக்கு ஒரே எழுத்தாக வரவேண்டிய ஏ, பி என்ற எழுத்துகளுக்குப் பதிலாக 1, 2, 12 என்று எண்களே வருகின்றன என்று கேட்டிருந்தேன்.

இந்தக் குறிகளைத் தரும் சிஎல்டி கட்டளையில் 'லெட்டர்ஸ்' என்ற அமைப்பைக் கொடுக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. உடனே எழுத்துகள் வந்துவிட்டன. மிகப்பெரிய சராசரிக்கு ஏ வேண்டுமென்றால் 'ரிவர்ஸ்ட்' அமைப்பையும் ட்ரூ என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மிகச்சிறியதற்குத்தான் ஏ போகும்.

எதிர்பாராதது ஒன்று. சிஎல்டி, வரிசைகளைச் சராசரிப்படி மாற்றி அடுக்கிவிடுகிறது. நான் எழுத்துப் பத்தியை மட்டும் வெட்டி என் பழைய அட்டவணையில் ஒட்டினேன். எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை, ஆனால் பாதி எழுத்துகள் தவறான குழுவுக்குப் போய்விட்டன! வரைபடத்தில் உயரமான பட்டைக்கும் குட்டையான பட்டைக்கும் ஒரே எழுத்து இருந்ததைப் பார்த்துத்தான் பிடித்தேன். ஆகவே குழுப் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளையும் மெர்ஜ் செய்யுங்கள் (இணையுங்கள்), வரிசை எண்ணை நம்பாதீர்கள்.

அப்புறம், எழுத்துகளின் முன்னும் பின்னும் வெற்றிடங்கள் இருக்கும். வரைபடத்தில் அவை நகர்ந்து தெரிந்தால் வெற்றிடங்களை நீக்கும் ட்ரிம்டபிள்யூஎஸ் கட்டளையைப் போட்டால் சரியாகிவிடும்.

அட்டவணைக்கு அடியில் 'ஒரே எழுத்தைப் பகிரும் சராசரிகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு கண்டறியப்படவில்லை, டூக்கி, 0.05' என்று குறிப்பு சேர்த்திருக்கிறேன் (0.05 என்பது சோதனையின் முக்கியத்துவ மட்டம்). 'அவை சமம்' என்று எழுதாதீர்கள். சோதனை அதைச் சொல்லவில்லை.