நாளைக்குள்ள ஒரு மீசை வேணும்

மீனா: நாளைக்கு காலைல 9 மணிக்கு பாப்பா ஸ்கூல் ஆண்டு விழா. கட்டபொம்மன் நாடகம். யார் வீட்லயாவது கிரீடம், ஒட்டு மீசை இருக்கா? 🙏

சங்கர் மாமா: கட்டபொம்மனா!! சபாஷ்

மீனா: இல்ல மாமா. எட்டப்பன்

சங்கர் மாமா: 😂😂 நம்ம குடும்பத்துக்கு ஏத்த வேஷம்

ராஜி சித்தி: யார சொல்லுதீக?

சங்கர் மாமா: பொதுவா சொன்னேன்

ராஜி சித்தி: வயக்காட்டுப் பத்திரத்துல நாங்க மட்டும் கையெழுத்து போடல

மீனா: சித்தி மீசை...

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். ஒரு திருத்தம். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது எட்டயபுரத்தார் அல்ல. அவர்கள் வெள்ளைக்காரக் கும்பினி பக்கம் நின்றது உண்மை. ஆனால் பாஞ்சாலங்குறிச்சியை விட்டுத் தப்பியவர் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமைக் காட்டில். அந்தச் சீமை மன்னர் தொண்டைமான்தான் கும்பினித் தளபதி பானர்மேனிடம் ஒப்படைத்தார். 1799 அக்டோபர் 16, கயத்தாறில் தூக்கு. ஆகவே டீச்சரிடம் சொல்லி வசனத்தை மாற்றவும். 31 வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.

புதுக்கோட்டை அத்தை: எங்க ஊர எதுக்குண்ணே இழுக்கீங்க

சங்கர் மாமா: இனிமே வீட்ல எனக்கு சோறு கிடையாது

பிரபு: அம்மா கிரைண்டர் ஓடலயாம். மெக்கானிக் நம்பர் அனுப்புங்க

மீனா: பெரியப்பா, அவளுக்கு மொத்தமே மூணு வரி. இப்ப மாத்துனா அதுவும் மறந்துரும். ஒண்ணாப்புல இவ வாயே தெறக்கல, ஞாபகம் இருக்கா? எண்ணும் எழுத்தும் வகுப்புல டீச்சர் கைப்பொம்மைய மாட்டி விட்டாங்க. பொம்மை பேசுற மாதிரி இவ பேச ஆரம்பிச்சா. நாளைக்குத்தான் பொம்மை இல்லாம நிக்கப் போறா. அவளா கேட்டு வாங்குன வேஷம்

ராஜி சித்தி: ஏன் எட்டப்பன்?

மீனா: மீசைக்காக

பெரியப்பா: அப்படியானால் இருக்கட்டும். நான் பழைய சாக்ஸில் பொத்தான் தைத்து பொம்மை செய்வேன். பதில் தப்பானாலும் பொம்மைதானே சொல்லுச்சு, பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது. ஆனால் தொண்டைமான் விஷயம்

புதுக்கோட்டை அத்தை: அண்ணே!

பிரபு: நம்பர்??

ராஜி சித்தி: மீசைய கண்மையில வரைஞ்சு விடு

மீனா: ஒட்டு மீசைதான் வேணுமாம். அழுதுட்டு இருக்கா

சங்கர் மாமா: நம்ம பொங்கல் நாடகத்து மீசை, கிரீடம் எல்லாம் பழைய வீட்டு மச்சுல டிரங்குப் பெட்டில கெடக்கு. காலைல நான் எடுத்துட்டு வாரேன்

மீனா: நன்றி மாமா 🙏🙏

சங்கர் மாமா: சாவி ராஜிகிட்ட இருக்கு

மீனா: சித்தி?

பிரபு: சித்தி ஆன்லைன்ல தான் இருக்காங்க

ராஜி சித்தி: சாவி பத்தி நேர்ல பேசிக்குவோம்

மீனா: 9 மணிக்கு சித்தி