புதுப்பிப்பு: புது மைதானம், முதல் மேட்ச், வண்டிகள்

உச்சிப்புளிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் ஃபுட்பால் கிளப் அமைத்த புது மைதானத்துக்கு வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் மேட்ச் முடிந்தது.

பைக்குகளுக்கு ஒதுக்கிய தரிசில் இரண்டு நாள் சீமைக்கருவேல முள் பொறுக்கினோம். போதவில்லை. ஏழு பைக் பஞ்சர், அதில் ஒன்று என்னுடையது. கார்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். மணலில் புதைந்த இரண்டு கார்களுக்கு டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, அடியில் பனையோலை போட்டு, கோல்கீப்பர் உட்பட எல்லோரும் தள்ளினோம்.

"ரயிலில் வரச் சொல்லுங்க தம்பி" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. 2025 ஏப்ரலில் புது பாம்பன் பாலம் திறந்ததால் தீவுப் பசங்க பாசஞ்சரில் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, சட்டை கசங்காமல் இறங்கினார்கள். இங்கிலாந்தின் லிவர்பூலில் 52,000 பேருக்கு மேல் பிடிக்கும் எவர்டன் ஃபுட்பால் கிளப்பின் புது ஸ்டேடியத்துக்கே சாண்ட்ஹில்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிறார்கள். பெயரைப் பாருங்கள், அங்கேயும் மணல்மேடு!

அடுத்த மேட்ச் அமாவாசையன்று வருகிறது. ராமேஸ்வரம் போகும் வண்டிகளால் நெடுஞ்சாலை திணறும். தேதியை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.