தாவரவியல் படிக்கிற பையனுக்கு லத்தீன் எதுக்கு?

நெடுமரம்: தங்கச்சி மகன் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறான், சாயங்காலம் லத்தீன் வகுப்புக்கும் போறான்னு எழுதினேன். அதுக்குக் கணக்கன் சொன்ன பதில்: "2012லயே செடிக்கு லத்தீன் வேண்டாம்னுட்டாங்க, பையனைக் கெடுக்காதீங்க." ராத்திரியெல்லாம் ஆறல எனக்கு. செடிக்குப் பேர் வைக்கிற சர்வதேச விதியில, 2012 ஜனவரி 1லேர்ந்து புது இனத்தோட விளக்கத்தை இங்கிலீஷ்லயும் எழுதலாம்னாங்க, அவ்வளவுதான். லத்தீன்ல எழுதினா இன்னைக்கும் செல்லும். பேரும் லத்தீன் முறையிலதான் வைக்கணும்.

கணக்கன்: இங்கிலீஷ்லயும் எழுதலாம்னா லத்தீன் கட்டாயமில்லன்னுதானே அர்த்தம்? அதைத்தான் சொன்னேன்.

நெடுமரம்: நீங்க எழுதினது "வேண்டாம்னுட்டாங்க". மேல போய்ப் பாருங்க. 1935லேர்ந்து 2011 முடிய, பூக்குற செடி எது புதுசா வந்தாலும் லத்தீன்ல நாலு வரியாவது இருந்தாகணும். 77 வருஷம்! ஹெர்பேரியத்துல, அதாவது உலர்த்தின செடிகளைச் சேத்து வெச்சிருக்கிற இடத்துல, காஞ்ச கிளையைக் கையில வெச்சுக்கிட்டு இது அதுதானான்னு பாக்குறவன் அந்த நாலு வரியைப் படிக்காம என்ன செய்வான்? "ஃபோலியிஸ் கிளாப்ரிஸ்"னு இருக்கும். மயிரில்லாத இலைகளோடன்னு அர்த்தம். அந்த "ஓட" தனிச் சொல்லா நிக்காது, நம்ம வேற்றுமை உருபு மாதிரி வால்ல ஒட்டியிருக்கும். அது தெரியாதவன் அகராதியைப் புரட்டிப் பிரயோஜனமில்ல.

சுண்டைக்காய்: அண்ணே, தமிழுக்கு எட்டு வேற்றுமை, லத்தீனுக்கு ஆறுதான். நம்ம பசங்களுக்கு அது தண்ணிபட்ட பாடு.

கணக்கன்: எண்ணிக்கையை வெச்சு மொழி வந்துடுமா? கட்டாயம் போச்சா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லுங்க.

தேரிமணல்: வீரமாமுனிவர் 1730ல குறளையே லத்தீன்ல தந்தார். அதைப் படிக்கவாவது தமிழன் லத்தீன் கத்துக்கணும்.

கணக்கன்: முழுக் குறளையும் தரல. அறமும் பொருளும் மட்டும். இன்பத்துப்பாலை விட்டுட்டார்.

தேரிமணல்: துறவி அதை விட்டது ஒரு குத்தமா? கொடுந்தமிழுக்கு, அதான் பேச்சுத் தமிழுக்கு, லத்தீன்ல இலக்கணம் எழுதி, 1738ல தரங்கம்பாடியில அச்சேறுச்சே. குறை சொல்லவே பொறந்தவர் நீங்க. போன மாசம் கிரந்த எழுத்துச் சண்டையிலயும் இப்படித்தான்.

கணக்கன்: அந்தச் சண்டையில யார் பாதியில ஓடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

நெடுமரம்: பேச்சை மாத்தாதீங்க. நம்ம மலையாளக் கரைச் செடிகளைப் பத்தி 1678லேர்ந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 தொகுதி வந்துச்சு, ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ். அத்தனையும் லத்தீன். நம்ம ஊர்ச் செடியை மூலத்துலேர்ந்தே படிக்க அந்தப் பையன் ஆசைப்படுறான், அவனைப் போய்க் கெட்டுப்போனவன்கிறீங்க!

கணக்கன்: அதுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்தாச்சு. 2012ல கட்டாயமும் போச்சு.

நெடுமரம்: மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா எங்க போய்ப் பாக்குறது? "வேண்டாம்னுட்டாங்க"ங்கிற உங்க வரி இன்னும் அப்படியே நிக்குது. முதல்ல அதைத் திருத்துங்க.

கணக்கன்: திருத்த மாட்டேன்.